தோட்டத்து லேண்ட் ரோவருக்கு வயது என்ன?

ஈப்போவிலிருந்து செமோர் வழியாகச் சுங்கை சிப்புட் நோக்கிப் போகும் பழைய சாலையின் இரு பக்கமும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களாகவே இருந்தன. அந்த நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. லயத்து வீடுகள் போய்விட்டன, பால் ஸ்டோர்கள் இடிந்துவிட்டன. தோட்டத்துக் காலத்தின் பொருள்களில் எஞ்சியவை மிகச் சில. அந்தச் சிலவற்றுள் ஒன்று லேண்ட் ரோவர் பிக்கப். பட்டறைகளின் பின்புறத்திலும் செம்பனைக் கொல்லைகளின் ஓரத்திலும் அது இன்னும் தென்படுகிறது. கேமரன் மலையிலோ இன்றும் காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு செங்குத்தான மண்பாதைகளில் ஏறி இறங்குகிறது.

அந்த வண்டிக்கு என்ன வயது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "வெள்ளைக்காரத் துரை காலத்து வண்டி" என்பதுதான். அந்தப் பதிலுக்குள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அடங்கும். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் ஓடிய வண்டியும், சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டம் துண்டாடப்பட்டபோது கைமாறிய வண்டியும், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது கன்று ஏற்றிய வண்டியும் ஒரே பெயரில் நமக்குத் தெரிகின்றன. ஆனால் அவற்றைப் பிரித்தறிய முடியும். கேபினை நன்றாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

வடிவம் ஏன் ஆண்டைச் சொல்கிறது?

ஒரு பொருளின் வடிவ மாற்றங்களை வரிசைப்படுத்தி அதன் காலத்தைக் கணிப்பது தொல்லியலின் பழைய முறை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆஸ்கார் மோன்டேலியஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெண்கலக் கோடரிகளையும் ஊசிகளையும் இவ்வாறு வரிசைப்படுத்தினார். தம் முறையை விளக்க அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று ரயில் பெட்டி. முதல் ரயில் பெட்டிகள் குதிரை வண்டியின் கூண்டைப் போலவே கட்டப்பட்டன. பிறகு மெல்ல மெல்லத் தமக்கென ஒரு வடிவம் பெற்றன. இடைப்பட்ட பெட்டிகளைத் தேதி தெரியாமலேயே அடுக்கிவிடலாம் என்று அவர் காட்டினார்.

தமிழகத்திலும் இதே முறை பெரும் பயன் தந்தது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், கோயில் தூண்களின் மேல் அமரும் போதிகையின் வடிவத்தைக் கொண்டே கட்டடங்களின் காலத்தை அடுக்கினார். 1914இல் வெளியான அவருடைய நூல் அந்த வரிசையை முன்வைத்தது. பல்லவர் காலத்தில் வளைந்து அலையாக இருந்த போதிகை, சோழர் காலத்தில் சாய்வாகச் சீவப்பட்டு நடுவே ஒரு நீட்சி பெற்றது. விஜயநகர காலத்தில் தொங்கும் பூமொட்டானது. கல்வெட்டு இல்லாத மண்டபத்துக்கும் இந்த வரிசையால் ஒரு நூற்றாண்டைச் சொல்ல முடிந்தது.

போதிகையில் வேலை செய்த அதே தர்க்கம்தான் பிக்கப் கேபினிலும் வேலை செய்கிறது. ஒரு பாகம் நல்ல அடையாளமாக இருக்க மூன்று தகுதிகள் வேண்டும். அது எப்போது மாறியது என்பது தெரிந்திருக்க வேண்டும். மாறிய பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கக் கூடாது. பட்டறையில் எளிதில் கழற்றி மாட்ட முடியாததாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது தகுதியில்தான் லேண்ட் ரோவர் நம்மைச் சோதிக்கிறது.

எஃகு இல்லாத காலத்தில் பிறந்தது

1947இல் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் போர்க்காலத்து ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மாற்றாகத் தம் நிறுவனமே ஒரு வண்டி செய்யலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. இந்த வண்டியும் அந்த அவசரகாலமும் ஒரே ஆண்டில் தொடங்கின. 1960 வரை நீடித்த அவசரகாலம் முழுவதும் ராணுவத்தோடும் போலீசோடும் தோட்டத் துரைமார்களோடும் லேண்ட் ரோவர் இந்த மண்ணில் ஓடியது.

போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது; விமானத் தொழிலுக்காக உருவான அலுமினியம் கிடைத்தது. எனவே உடலின் வெளித்தகடுகளை பர்மாபிரைட் என்ற அலுமினியம் மக்னீசியம் கலவையால் செய்தார்கள். விலை மிகுந்த அச்சுக்கட்டைகள் வேண்டாம் என்பதால் தகடுகளைத் தட்டையாக வைத்து, எளிய வளைவுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். சேஸியையும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே சுவராக நிற்கும் பல்க்ஹெட்டையும் எஃகில் கட்டினார்கள். இவற்றின் மேல் மற்றவை எல்லாம் போல்ட்டுகளால் பூட்டப்பட்டன. மட்கார்டு, கதவு, கண்ணாடிச் சட்டம், கூரை, கேபினின் முதுகுத் தகடு ஆகிய அனைத்தையும் ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் கழற்றிவிடலாம். தோட்டத்துப் பட்டறைக்கு இது வரம். ஆண்டைத் தேடுபவருக்குச் சிக்கல்.

முகத்திலிருந்து தொடங்குவோம்

பார்த்தவுடன் கண்ணில் படுவது விளக்கு. 1948 முதல் 1950 வரை வந்த வண்டிகளில் முகப்பு விளக்குகள் கம்பிவலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. வலையில் சேறு அப்பினால் வெளிச்சமும் போயிற்று. 1950இல் வலையில் வட்டத் துளை வெட்டி விளக்கு முகத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வலையே குறுகி, விளக்குகளுக்கு இடம்விட்டு நடுவில் ஒதுங்கியது. ஆனாலும் விளக்குகள் இரண்டும் ரேடியேட்டருக்கு அருகிலேயே, நெருக்கமாக இருந்தன.

1960களின் இறுதியில் பெரிய மாற்றம் வந்தது. வண்டியின் முழு அகலத்தை எதிரே வருபவர் இரவில் உணர வேண்டுமானால் விளக்குகள் ஓரத்தில் இருக்க வேண்டும் என்று சில நாடுகளின் சட்டங்கள் கோரின. 1967க்கும் 1969க்கும் இடையில், நாட்டுக்கு நாடு சற்று முன்பின்னாக, விளக்குகள் மட்கார்டுகளுக்கு நகர்ந்தன. நடுவில் நெருங்கிய விளக்கா, ஓரத்து விளக்கா என்ற ஒரே கேள்வி இருபது ஆண்டு உற்பத்தியை அடுத்து வந்த காலத்திலிருந்து பிரித்துவிடுகிறது.

அடுத்தது கிரில். 1971 வரை அது உலோகக் கம்பிவலை. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் வந்த சீரிஸ் 3 என்ற மாதிரியில் அது பிளாஸ்டிக்காக மாறியது. ஆனால் கிரில் சில திருகுகளில் நிற்பது. பத்து நிமிடத்தில் மாறக்கூடியது. அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லக் கூடாது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால்

1948 முதல் 1958 வரை வந்த சீரிஸ் 1 வண்டிகளின் பக்கத் தகடுகள் சுவர் போல நேராக இறங்குகின்றன. கீழே சேஸி வெளியே தெரியும். 1958 ஏப்ரலில் வந்த சீரிஸ் 2க்கு டேவிட் பேச் என்ற வடிவமைப்பாளர் மெருகேற்றினார். கதவுப் பிடிக்குக் கீழே தகடு பீப்பாய்போல் சற்றுப் புடைத்து வளைகிறது. கதவுக்கு அடியில் ஒரு பாவாடைத் தகடு தொங்கிச் சேஸியை மறைக்கிறது. இந்தத் தோள் வளைவு அதற்குப் பிந்தைய எல்லா வண்டிகளிலும் தொடர்கிறது; பிற்பாடு டிஃபெண்டர் என்று பெயர் மாறி, 2016 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரையிலும் அது போகவில்லை. ஆக, பக்கம் நேராக இருந்தால் 1958 அல்லது அதற்கு முந்தியது. வளைந்திருந்தால் 1958 அல்லது பிந்தியது.

பிக்கப் கேபினுக்கென்றே ஓர் அடையாளமும் உண்டு. சீரிஸ் 2இன் கேபினில், கதவுக்குப் பின்னால் முதுகு மூலையில் இரண்டு சிறிய வளைந்த கண்ணாடிகள் இருக்கின்றன. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்போது மூலைக்குப் பின்னால் மறையும் பகுதியை அவை குறைத்தன. இந்தக் கேபின் வடிவம் சீரிஸ் 2, அதைத் தொடர்ந்து வந்த 2ஏ, 3 மூன்றிலும் பொதுவானது. எனவே அது சீரிஸ் 1ஐத் தள்ளிவைக்க உதவும். மற்ற மூன்றையும் தமக்குள் பிரிக்க உதவாது.

சக்கர இடைவெளியையும் அளந்துவிடுவது நல்லது. சாதாரண அளவுநாடா போதும். முதல் வண்டிகளின் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு 80 அங்குலம். 1953 இறுதியில், 1954ஆம் ஆண்டு மாதிரியாக, அது 86 ஆனது. கூடவே 107 அங்குல நீள பிக்கப்பும் வந்தது. 1956இல் அவை 88, 109 என நீண்டன. இந்த இரண்டு அங்குலம் முன்பகுதியில் சேர்க்கப்பட்டது. 1957இல் வந்த நீளமான டீசல் எஞ்சினுக்கு இடம் வேண்டியிருந்தது. 88ம் 109ம் பிறகு 1985 வரை மாறவே இல்லை.

இங்கே "ஆண்டு மாதிரி" என்பதை விளக்கிவிட வேண்டும். ரோவர் நிறுவனத்தின் மாதிரி ஆண்டு நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. இலையுதிர்காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டின் பெயரைத் தாங்கும். 1953 அக்டோபரில் செய்யப்பட்ட வண்டி 1954 மாதிரியாக இருக்கலாம். அது கப்பலேறி மலாயா வந்து, விற்பனையாகி, பேராக் மாநிலத்துக்குரிய "ஏ" எழுத்தில் பதிவெண் பெறுவதற்குள் இன்னும் மாதங்கள் ஓடியிருக்கும். பதிவெண் சொல்வது வண்டி சாலைக்கு வந்த காலம். கேபின் சொல்வது அது கட்டப்பட்ட காலம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வாக்குவாதங்கள் எழுகின்றன.

கதவைத் திறந்து உள்ளே

கேபினுக்குள் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது மீட்டர்கள். சீரிஸ் 1, 2, 2ஏ மூன்றிலும் வேகமானியும் மற்ற மீட்டர்களும் டேஷ்போர்டின் நடுவே இருந்தன. வலப்பக்க ஸ்டீரிங் நாடுகளுக்கும் இடப்பக்க ஸ்டீரிங் நாடுகளுக்கும் ஒரே தட்டைப் பயன்படுத்த முடிந்ததால் செலவு மிச்சம். 1971இல் சீரிஸ் 3 வந்தபோது அவை ஓட்டுநருக்கு நேராக நகர்ந்தன. டேஷ்போர்டின் மேல் கருப்பு பிளாஸ்டிக் உறையும் வந்தது.

இரண்டாவது வைப்பர். பழைய வண்டிகளில் ஒவ்வொரு வைப்பருக்கும் கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே தனி மோட்டார் உண்டு. 1967ஐ ஒட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்த ஒரே மோட்டார் கம்பிவடம் மூலம் இரண்டையும் ஆட்டத் தொடங்கியது. அதே சமயத்தில்தான் மின் இணைப்பும் மாறியது: அதுவரை பேட்டரியின் நேர்முனை வண்டி உடலோடு சேர்ந்திருந்தது, அதன்பின் எதிர்முனை சேர்ந்தது.

மூன்றாவது கியர். சீரிஸ் 2ஏ வரை மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோமெஷ் உண்டு. இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் கிளட்சை இருமுறை மிதித்து எஞ்சின் வேகத்தைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் கத்தும். சீரிஸ் 3இல் நான்கு முன்கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது. தோட்டத்தில் ஓட்டிய டிரைவர்மார் கண்ணை மூடிக்கொண்டே, காலாலும் கையாலும் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்கள்.

முன்கண்ணாடி மட்டும் எதையும் சொல்லாது. இரண்டு தட்டைச் சதுரங்கள், நடுவே ஒரு கம்பம். 1948இலிருந்து சீரிஸ் 3 முடியும் வரை அடிப்படை அமைப்பு அதுவே. தட்டைக் கண்ணாடியை எந்த ஊரிலும் வெட்டி மாட்டிக்கொள்ளலாம் என்பதும், சட்டத்தையே முன்னால் மடித்துப் போடலாம் என்பதும் அதற்கு நீண்ட ஆயுள் தந்தன. ஒரே அகலக் கண்ணாடியாக அது மாறியது 1983இல் வந்த ஒன் டென் மாதிரியில்தான்.

மோரிஸ் மைனர் பிக்கப்போடு ஒப்பிட்டால் இதன் பொருள் இன்னும் தெளிவாகும். மலாயாவின் சாலைகளில் கிராணிமாரும் ஆசிரியர்களும் சிறுகடைக்காரர்களும் ஓட்டிய மோரிஸ் மைனரும் 1948இல் பிறந்ததுதான். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதன் பிக்கப் வடிவம் 1953இல் வந்தது. அங்கே முன்கண்ணாடிதான் தலையாய சாட்சி. 1956 அக்டோபர் வரை நடுக்கம்பத்தோடு இரட்டைத் தட்டைக் கண்ணாடி; அதன்பின் மைனர் 1000இல் ஒரே வளைந்த கண்ணாடி. வளைந்த பாதுகாப்புக் கண்ணாடி 1950களில்தான் சாதாரண வண்டிக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. இரட்டைக் கண்ணாடி பிக்கப்பையும் மேலும் இரண்டாகப் பிரிக்கலாம்: தேங்காய்த் துருவி போன்ற துளைக் கிரில் இருந்தால் 1954 இலையுதிர்காலத்துக்கு முந்தியது; கிடைக்கோடுகளாகத் தகடுகள் அடுக்கிய கிரில் இருந்தால் பிந்தியது. ஒரு வண்டியில் வாயடைத்து நிற்கும் பாகம் இன்னொரு வண்டியில் பேசுகிறது. எந்தப் பாகத்தைக் கேட்க வேண்டும் என்பதை வண்டிக்கு வண்டி கற்க வேண்டும்.

மழையும் உரமும் அழிக்கும் சாட்சி

மேலே சொன்னவற்றுள் மிக நம்பத்தக்கது எது? பல்க்ஹெட். டேஷ்போர்டு, ஸ்டீரிங், பெடல்கள், கதவுக் கீல்கள், கண்ணாடிச் சட்டம் எல்லாம் அதில்தான் பிணைந்திருக்கின்றன. அதை மாற்ற வேண்டுமானால் வண்டியைப் பாதி பிரிக்க வேண்டும். நடு மீட்டருக்கான பல்க்ஹெட் வேறு, ஓட்டுநர் பக்க மீட்டருக்கான பல்க்ஹெட் வேறு. எளிதில் மாறாது, மாறிய காலமும் தெரியும் என்பதால் அது முதல்தரச் சாட்சி.

ஆனால் நம் ஊரில் முதலில் சாவதும் அதுதான். ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காலால் வந்த சேறு, ரப்பர் மிதியடிக்கு அடியில் காயாமல் கிடக்கும் ஈரம், மேலே உள்ள காற்று மூடிகளின் வழியாகக் கசியும் நீர் எல்லாம் பல்க்ஹெட்டின் கால்குழியில் தேங்குகின்றன. அங்கே எஃகு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. தோட்டத்து வேலை இதை இன்னும் விரைவுபடுத்துகிறது. அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் ஈரத்தை இழுத்துக் கரைந்து, மின்னோட்டம் செல்லும் உப்புநீராகின்றன. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் எஃகை அரிக்கும். பால் உறையாமல் காக்கச் சேர்க்கும் அம்மோனியாவுக்குப் பித்தளையும் செம்பும் தாங்காது. வண்டியில் எதை ஏற்றினார்களோ அதன் வேதியியல் வண்டியின் உடம்பில் எழுதப்பட்டுவிடுகிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்றுப் பட்டதும் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. ஆனால் எஃகோடு ஒட்டி நின்று, நடுவே உப்புநீரும் சேர்ந்தால் கதை மாறும். எலுமிச்சம்பழத்தில் இரண்டு உலோகங்களைக் குத்தி மின்சாரம் எடுக்கும் பள்ளிக்கூடச் சோதனை அந்த மூட்டுக்குள் இரவும் பகலும் நடக்கிறது. இரண்டில் எளிதில் எலக்ட்ரானை இழப்பது அலுமினியம் என்பதால் அதுவே தேய்கிறது. வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. கதவின் எஃகுச் சட்டத்தை அலுமினியத் தகடு சுற்றி மடியும் கீழ்விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். பொரிந்த பெயின்டும் வெள்ளைப் பொடியும் அங்கேதான் இருக்கும்.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. வெளித்தோல் அறுபது ஆண்டு தாண்டியும் வழவழப்பாக இருக்கிறது. உள்ளெலும்பு இருபது ஆண்டில் கரைகிறது. பட்டறைக்காரர் வேறொரு வண்டியின் பல்க்ஹெட்டைக் கொண்டுவந்து பழைய தோலை அதன்மேல் பூட்டுகிறார். மரத்தில் மோதி மட்கார்டு நசுங்கினால் கையில் கிடைத்ததை மாட்டுகிறார். நாளடைவில் 1959ஆம் ஆண்டுச் சேஸியும் 1965ஆம் ஆண்டுக் கதவும் 1974ஆம் ஆண்டு டேஷ்போர்டும் ஒரே வண்டியாகின்றன.

இதைக் குறை என்று நான் எண்ணவில்லை. வண்டி ஓடாவிட்டால் பால் ஸ்டோருக்குப் போகாது, நோயாளி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார் என்ற நிலையில் செய்யப்பட்ட பழுதுவேலை அது. தகடு வெட்டி, தட்டி, ஒட்டவைத்த ஒவ்வொரு தையலும் ஒரு தோட்டத்துப் போமனின் கைத்திறன். இலங்கையின் காலி நகரில் மோரிஸ் மைனருக்கான உடல் பாகங்களைச் செய்து, அந்த வண்டி பிறந்த பிரிட்டனுக்கே அனுப்பிய காலம் உண்டு. பழுதுபார்க்கும் மரபு உற்பத்தி மரபுக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. ஆண்டைத் தேடுபவர் செய்ய வேண்டியது, எது பிறப்பில் வந்தது, எது பிறகு சேர்ந்தது என்று பிரித்துக் குறித்துக்கொள்வதுதான்.

மறைந்திருக்கும் தேதிகள்

அதற்கு உதவும் சிறிய சாட்சிகள் வண்டி முழுக்க உண்டு.

சேஸி எண் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று கேபினுக்குள் திருகிய தகட்டில். மற்றொன்று பெரும்பாலும் வலது முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் சேஸி நுனியில், எஃகிலேயே பொறித்தது. தகடு கழன்று இடம் மாறலாம், பொறித்தது மாறாது. கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் எண்கள் எழும்பும். இரண்டும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. சீரிஸ் 2ஏ எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே பலவற்றைச் சொல்கின்றன: 88 அங்குல பெட்ரோல் வண்டியில் 241 என்றால் பிரிட்டனில் விற்க, 242 என்றால் முழுவண்டியாக வெளிநாட்டுக்கு, 243 என்றால் பிரித்த பாகங்களாக அனுப்பி வெளிநாட்டில் பூட்ட, மூன்றும் வலப்பக்க ஸ்டீரிங். எண்ணின் கடைசியில் வரும் ஏ, பி, சி போன்ற எழுத்து, பாகங்களில் நிகழ்ந்த பெரிய மாற்றங்களின் வரிசை. வெளித்தோற்றத்தில் சீரிஸ் 2க்கும் தொடக்கக்கால 2ஏக்கும் வேறுபாடு காண்பது கடினம். அங்கே தீர்ப்பு சொல்வது இந்த எண்ணும், டீசல் வண்டியானால் எஞ்சினின் கொள்ளளவும்தான். 1961இல் 2,052 சிசி டீசல் போய் 2,286 சிசி வந்தது.

கண்ணாடியின் மூலையில் டிரிப்ளெக்ஸ் என்ற முத்திரை இருந்தால் அந்த எழுத்துகளின் மேலும் கீழும் சிறு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை கண்ணாடி செய்த ஆண்டின் கடைசி இலக்கத்தையும் காலாண்டையும் குறிப்பவை. லூக்காஸ் நிறுவனம் செய்த டைனமோ, வைப்பர் மோட்டார் போன்றவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் அடிக்கப்பட்டிருக்கும்.

இவற்றை எடைபோட ஒரு நெறி உண்டு. தனி ஒரு பாகம் தன் வயதைத்தான் சொல்லும். வண்டியின் வயதைச் சொல்லாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பாகங்கள் ஒரே காலத்தைச் சுட்டினால் அதுவே பிறந்த காலம். சேஸி, பல்க்ஹெட், பின்கண்ணாடி, டைனமோ நான்கும் 1964, 1965 என்று சொல்ல, மட்கார்டு மட்டும் 1970 என்று சொன்னால், அது 1965 வண்டி. 1970க்குப் பிறகு ஒரு நாள் முன்னால் இடிபட்டது. பழுதின் வரலாறும் இப்படியே வெளிப்படுகிறது.

புகைப்படத்துக்குத் தேதி தரும் கேபின்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பழைய வண்டியைப் பிறந்த கோலத்துக்குச் சீரமைக்க நினைப்பவருக்குத் தேவை என்பது தெளிவு. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறொன்று.

பேராக் தோட்டத் தமிழரின் வாழ்க்கைக்கு எழுத்து ஆவணம் குறைவு. தோட்டத்து அலுவலகப் பேரேடுகளில் பல, தோட்டங்கள் விற்கப்பட்டபோதும் துண்டாடப்பட்டபோதும் தொலைந்தன. அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளைப் பற்றி நம் வீடுகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள்: மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, லயத்து வாசலில் கல்யாணக் கூட்டம், தோட்டத்தை விட்டுப் போகும் துரைக்குப் பிரியாவிடை. பின்புறத்தில் பெயர் இருந்தாலும் ஆண்டு இருப்பதில்லை. படத்தில் நின்றவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அந்தப் படங்களின் ஓரத்தில் அடிக்கடி ஒரு வண்டி நிற்கிறது. சாமி ஊர்வலத்துக்கு முன்னால், பள்ளிப் பிள்ளைகள் ஏறி நிற்க, மணமக்கள் பக்கத்தில். அங்கே கேபினைப் படிக்கத் தெரிந்தால் படத்துக்குத் தேதி கிடைக்கிறது. பக்கத் தகடு தோளில் வளைந்திருந்தால் அந்தத் தீமிதி 1958க்கு முன் நடந்திருக்க முடியாது. விளக்கு மட்கார்டில் இருந்தால் 1967க்கு முன் நடந்திருக்க முடியாது. பிளாஸ்டிக் கிரில் தெரிந்தால் 1971க்குப் பின். வண்டி பழையதாக இருக்கலாம், படம் புதியதாக இருக்கலாம். எனவே வண்டி தருவது படத்தின் முன் எல்லையை மட்டுமே. பின் எல்லையை உடை, பள்ளிச் சீருடை, உயிரோடிருந்தவர்கள், கட்டடங்கள் ஆகியவை தரும். இரண்டும் சேர்ந்தால் "எப்போதோ" என்றிருந்த ஒரு படம் ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் வந்து நிற்கும். தோட்ட வரலாறு எழுதுபவருக்கு அது பெரிய ஆதாரம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செமோரிலோ தஞ்சோங் ரம்புத்தானிலோ கேமரன் மலையடிவாரத்திலோ ஒரு பழைய பிக்கப்பைக் கண்டால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எட்டுப் படங்கள் எடுங்கள்: முகப்பு நேராக, பக்கம் நேராக, கேபினின் முதுகு மூலை, டேஷ்போர்டு முழுதும், வைப்பர் மோட்டார் இருக்கும் இடம், பல்க்ஹெட்டின் கால்குழி, சேஸியில் பொறித்த எண், கண்ணாடி முத்திரை. பிறகு அந்த வண்டியை ஓட்டியவரோ பழுதுபார்த்தவரோ அருகில் இருந்தால், எந்தத் தோட்டத்து வண்டி, எதை ஏற்றியது, எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணைப் பொது இடத்தில் வெளியிட வேண்டாம். வீட்டுக் குறிப்பாக இருக்கட்டும். வீட்டில் உள்ள பழைய படங்களையும் அதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பல்க்ஹெட் துருத்தூளாகி, வண்டி பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போன பிறகு இவற்றுள் எதையும் மீட்க முடியாது. அலுமினியம் உருக்கப்பட்டு வேறு பொருளாகிவிடும், எஃகும் அப்படியே. குறித்துவைத்த ஆண்டும், ஓட்டியவரின் பெயரும், தோட்டத்தின் பெயரும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். அதைச் செய்ய அளவுநாடாவும் கைப்பேசியும் அரை மணி நேரமும் போதும்.